பள்ளித் திட்டத்திற்கு மரத்தில் பில்லி கார்ட்: முதலில் சக்கரத்தை வாங்குங்கள், பிறகு கோடு போடுங்கள்

ஜார்ஜ்டவுனில் படிவம் 3 படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: ஆர்.பி.டி. (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடத்துக்காக நான்கு பேர் கொண்ட குழு மரத்தில் ஒரு பில்லி கார்ட், அதாவது மோட்டார் இல்லாமல் சரிவில் உருளும் நான்கு சக்கர வண்டி, செய்ய வேண்டும். ஒருவர் அதில் உட்கார்ந்து சரிவில் இறங்கிக் காட்ட வேண்டும். பட்டறையில் ரம்பம், கை ட்ரில், கிளாம்ப், ஸ்பேனர் உண்டு, வெல்டிங் கிடையாது. எந்த மரம், என்ன அளவு, ஸ்டியரிங்கும் பிரேக்கும் எப்படி அமைப்பது?

தம்பி, பெரும்பாலான குழுக்கள் எந்த மரம் என்ற கேள்வியிலேயே பாதி நாளைக் கழித்துவிடும். மாணவர் ஏறும் வண்டியில் பலகை நடுவில் முறிவது அரிது. உடைவதெல்லாம் இரும்பும் மரமும் சேரும் இடங்களில்தான்: அச்சு வளையும், அச்சைப் பிடித்த ஆணி பிடுங்கிக்கொள்ளும், ஸ்டியரிங் போல்ட் பலகையை நார் வழியே பிளக்கும். ஆகவே சக்கரம், அச்சு, போல்ட் மூன்றையும் முதலில் முடிவு செய்யுங்கள். மரத்தின் அளவு அதிலிருந்து தானாக வரும்.

சக்கரத்துக்கு 10 அங்குலக் காற்றுச் சக்கரம் நான்கு வாங்குங்கள். சாமான் தள்ளும் டிராலியில் வருவது அது, டயரில் 4.10/3.50-4 என்று எழுதியிருக்கும். ஹார்ட்வேர் கடையில் புதிதாகக் கிடைக்கும். காலை நேரத்தில் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்குப் போனால் பழைய டிராலியே கிடைக்க வாய்ப்புண்டு. பழையது என்றால் சக்கரத்தைக் கையில் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது. நான்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம் நடுத்துளை. 16 மி.மீ. துளையும் உண்டு, 20 மி.மீ. துளையும் உண்டு, பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வெர்னியர் வைத்து அளந்து, 16 மி.மீ. ஆனதைத் தேர்ந்தெடுங்கள்.

சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியில் உள்ளது போலத் தானாகத் திரும்பும் சின்னச் சக்கரம் வேண்டாம். வேகம் கூடினால் அது இடமும் வலமும் உதறும். சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் சக்கரமும் இந்த வடிவமைப்புக்கு ஒத்துவராது. அதன் அச்சு சுமார் 10 மி.மீ. கனம்தான், இரண்டு பக்கமும் ஃபோர்க் பிடித்திருந்தால் மட்டுமே தாங்கும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வளைந்துவிடும்.

காற்றடிக்கும்போது கவனம். பெட்ரோல் நிலையக் குழாய் இவ்வளவு சிறிய டயரை ஒரு நொடியில் அளவுக்கு மீறி நிரப்பிவிடும், டயர் வெடிக்கும். சைக்கிள் கைப்பம்பு போதும். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் அழுத்தத்தைத் தாண்டாதீர்கள். ரிம் இரண்டு பாதியாகப் போல்ட் போட்டு இணைத்ததாக இருந்தால், உள்ளே காற்று இருக்கும்போது அந்தப் போல்ட்களைத் தொடவே கூடாது.

அடுத்து அச்சு. இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டே ஆக வேண்டும்; அறிக்கையில் மதிப்பெண் வாங்கித் தரும் பகுதியும் இதுதான். 60 கி.கி. மாணவர், 25 கி.கி. வண்டி, ஆக 85 கி.கி. ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 208 நியூட்டன். குழியில் விழுந்து எழும் அதிர்ச்சிக்காக அதை மூன்றால் பெருக்கினால் 625 நியூட்டன். சக்கரத்தின் நடு, பலகை முனையிலிருந்து 70 மி.மீ. தள்ளி இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அச்சின் மேல் விழும் வளைவுத் திருப்பம் (விசையைத் தூரத்தால் பெருக்கியது) சுமார் 43,750 நியூட்டன் மி.மீ. 12 மி.மீ. உருட்டுக் கம்பியில் இது 258 மெகாபாஸ்கல் தகைவைக் கொடுக்கும் (தகைவு என்பது ஒரு சதுர மி.மீ. இரும்பின் மேல் எத்தனை நியூட்டன் என்பது). சாதாரண மைல்ட் ஸ்டீல் 250 வாக்கிலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கும். முழுக்க மரை போட்ட எம்12 கம்பி (எம் என்பதற்குப் பின்னால் வரும் எண் மி.மீ. கனம்) இன்னும் மோசம். மரையின் அடிப்பகுதியில் உண்மையான கனம் 10 மி.மீ.கூட வராது, தகைவு 460ஐத் தாண்டும். 16 மி.மீ. உருட்டுக் கம்பியில் 109தான். எம்16 மரைக் கம்பியில் 180 அளவு, அதுவும் தாங்கும். நான்கு மி.மீ. கனம் கூடியதற்கு இவ்வளவு வித்தியாசம் வரக் காரணம், வட்டக் கம்பியின் வளைவு வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது.

வெல்டிங் இல்லாத உங்களுக்கு எம்16 மரைக் கம்பியே வசதி. எங்கே வேண்டுமானாலும் நட் போட்டு நிறுத்தலாம். 1 மீட்டர் நீளத்தில் இரண்டு வாங்கி, ஒவ்வொன்றையும் 820 மி.மீ. அளவுக்கு வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன்பு ஒரு நட்டை உள்ளே ஓட்டி வையுங்கள். வெட்டிய பிறகு அதைத் திருப்பி வெளியே எடுத்தால் கெட்ட மரை சரியாகும்.

இப்போது மரம். பினாங்கு மரக்கடையில் எளிதாகக் கிடைக்கும் சிவப்பு மெராந்தி போதும். கப்பூர், பாலாவ் எல்லாம் உறுதியானவை, ஆனால் கனம் அதிகம்; துளையிடும்போது கை ட்ரில் திணறும். 8 அடி நீளமுள்ள 2க்கு 6 அங்குலப் பலகை ஒன்றே ஒன்று வாங்கினால் முழுச் சட்டமும் அதிலேயே வந்துவிடும். இழைத்த பிறகு அது ஏறத்தாழ 45க்கு 145 மி.மீ. இருக்கும், கடைக்குக் கடை மாறும் என்பதால் அளந்து பாருங்கள். நடுப்பலகை 1250 மி.மீ., முன் குறுக்குப் பலகை 560, பின் குறுக்குப் பலகை 560. மொத்தம் 2370. எட்டடி என்பது 2438. ரம்பம் தின்னும் அகலம் போக இன்னும் கொஞ்சம் மிஞ்சும். கடையிலேயே ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்த்து முறுக்கு இல்லாததாக எடுங்கள். பெரிய கணு இருந்தால் அது நடுப்பலகையின் மத்தியிலோ முன்முனையிலோ வராதபடி வெட்டுங்கள்.

காசை மிச்சப்படுத்த, சரக்கு அடுக்கும் பேலட் தட்டின் மரத்தை எடுப்பதில் தவறில்லை. அதில் உள்ள முத்திரையைப் பாருங்கள்: எச்.டி. என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, விட்டுவிடுங்கள். ஆனால் பேலட் பலகை மெல்லியது. இருக்கைக்கு ஆகும், சட்டத்துக்கு ஆகாது.

நடுப்பலகையின் முன்முனையிலிருந்து 100 மி.மீ. உள்ளே ஸ்டியரிங் போல்டுக்கான துளை. இதை முனைக்கு அருகில் போட்டால் முதல் மோதலிலேயே பலகை நார் வழியே பிளக்கும். 16 மி.மீ. போல்டுக்குக் குறைந்தது 80 மி.மீ. மரம் முன்னால் இருக்க வேண்டும். கூடுதல் காப்பாக, துளைக்கு மேல் 145க்கு 200 மி.மீ. அளவில் 12 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றை வெள்ளைப் பசையும் ஸ்குருவும் போட்டு ஒட்டிவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்துத் துளையிடுங்கள். பிளைவுட்டின் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுவதால் விரிசல் பரவாது. துளை செங்குத்தாக இறங்க வேண்டும். ட்ரிலுக்குப் பக்கத்தில் ஒரு மூலைமட்டத்தை நிறுத்திவைத்து ஒருவர் பார்க்க, இன்னொருவர் துளையிடட்டும். துளை சாய்ந்தால் வண்டி திரும்பும்போது ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பும்.

முன் குறுக்குப் பலகையைப் படுக்கையாக, நடுப்பலகைக்கு அடியில் வையுங்கள். ஸ்டியரிங் போல்ட் அதன் நட்டநடுவில் வரும். முன் அச்சை மட்டும் போல்டுக்கு நேர் கீழே வைக்காமல் 40 மி.மீ. பின்தள்ளிப் பிடியுங்கள். அப்போது வண்டி ஓடும்போது சக்கரங்கள் போல்டின் பின்னால் இழுபட்டு வந்து தாமாகவே நேராகும். அச்சு போல்டுக்கு நேராக இருந்தால் இந்தப் பண்பு கிடைக்காது. போல்டுக்கு முன்னால் வந்துவிட்டாலோ வண்டி ஓட்டுபவரின் காலோடு மல்லுக்கட்டும். பின்தள்ளி வைப்பதால் போல்டின் தலையும் அச்சும் முட்டிக்கொள்ளாமல் இடமும் கிடைக்கும்.

ஸ்டியரிங் போல்ட் எம்16, நீளம் 150 மி.மீ. தலை கீழே, நட் மேலே. நட் நைலாக் வகையாக, அதாவது உள்ளே நைலான் வளையம் பிடித்துக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். சாதாரண நட் திரும்பத் திரும்ப ஆடி ஒரு நாளில் கழன்றுவிடும். இரண்டு பலகைகளுக்கும் நடுவே மரத்தோடு மரம் உரசக் கூடாது. சமையலறையில் காய் நறுக்கும் பழைய பிளாஸ்டிக் பலகையிலிருந்து 140 மி.மீ. சதுரம் ஒன்றை வெட்டி இடையில் வையுங்கள். வழுக்கும், தேயாது, மழையில் உப்பாது. பலகை மேலும் கீழும் ஆடாத அளவுக்கு நட்டை இறுக்கி, காலால் தள்ளினால் திரும்புகிறதா என்று பாருங்கள்.

திரும்பும் கோணத்துக்கு ஓர் எல்லை கட்டாயம் வேண்டும். பல வண்டிகள் கவிழ்வதற்கு இது இல்லாததுதான் காரணம். அச்சுக்கு அச்சு 1050 மி.மீ. இருக்கும் வண்டி 25 பாகை திரும்பினால் வளைவின் ஆரம் சுமார் 2.25 மீட்டர். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் அந்த வளைவில் பக்கவாட்டு இழுப்பு எடையில் 0.79 பங்கு. எல்லை இல்லாமல் 45 பாகை வரை திரும்பிவிட்டால் ஆரம் ஏறக்குறைய 1 மீட்டர், இழுப்பு எடையைப் போல் 1.7 மடங்கு. எந்த வண்டியும் அதில் நிற்காது. தடுப்புக்கு 300 மி.மீ. நீளமுள்ள 2க்கு 3 அங்குலக் கட்டை ஒன்றை, முன் குறுக்குப் பலகையின் பின்விளிம்பிலிருந்து 75 மி.மீ. தள்ளி, நடுப்பலகைக்கு அடியில் குறுக்காக இரண்டு எம்8 போல்ட் போட்டு மாட்டுங்கள். பலகை 25 பாகை திரும்பியதும் அந்தக் கட்டையின் மூலையில் முட்டி நிற்கும். ஸ்குரு மட்டும் போட்டால் ஒரே இடியில் பிடுங்கிக்கொண்டு போகும்.

அதே காரணத்தால்தான் இருக்கை தாழ்வாகவும் சக்கரங்கள் அகலமாகவும் இருக்க வேண்டும். மேலே சொன்ன அளவில் சக்கர நடுவிலிருந்து சக்கர நடு 700 மி.மீ.; இருக்கை தரையிலிருந்து 250; ஆளோடு சேர்ந்த ஈர்ப்பு மையம் சுமார் 370 மி.மீ. உயரத்தில் வரும். 350ஐ 370ஆல் வகுத்தால் 0.95, எடையில் அந்தப் பங்கு இழுத்தால்தான் கவிழும். பெட்டி வைத்து இருக்கையைத் தரையிலிருந்து 450 மி.மீ. உயரத்துக்கு ஏற்றி, சக்கர அகலத்தையும் 450 ஆக்கினால் அதே கணக்கு 0.43க்கு இறங்கிவிடும், 15 கி.மீ. வேகத்திலேயே கவிழும். அழகுக்காக உயரமாகச் செய்யும் குழுக்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் போதும்.

அச்சைப் பலகையோடு பிடிப்பதற்கு யு போல்ட், ஒரு அச்சுக்கு நான்கு: முனைகளுக்கு அருகில் இரண்டு, உள்ளே தள்ளி இரண்டு. கடையில் யு போல்டைக் குழாயின் அளவைச் சொல்லி விற்பார்கள். அரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 21 மி.மீ. வரும், உங்கள் கம்பிக்கு அது தொளதொளவென்று இருக்கும். 3/8 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 17, அதைக் கேளுங்கள். பலகையில் அச்சு உட்காரும் கோட்டில் 6 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் வெட்டிக்கொண்டால் அச்சு முன்பின் நகராது. வளைத்து அடித்த ஆணியும், மின்குழாய் பிடிக்கும் தகரக் கிளிப்பும் வேண்டவே வேண்டாம்.

சக்கரம் மாட்டும் வரிசை: பலகை முனைக்கு வெளியே ஒரு நட், வாஷர், சக்கரம், வாஷர், கடைசியில் நைலாக் நட். வெளி நட்டை இறுக்கி முறுக்காதீர்கள். இரண்டு பேரிங்குக்கும் நடுவே குழாய் இல்லாத சக்கரத்தில் அப்படி இறுக்கினால் பேரிங் பக்கவாட்டில் நசுங்கிச் சக்கரம் சுற்றாது. 1 மி.மீ. அசைவு விடுங்கள். இடப்பக்க நட்டைத்தான் அடிக்கடி பார்க்க வேண்டும். வண்டி முன்னோக்கி ஓடும்போது அந்தப் பக்கச் சக்கரம் உரசி நட்டைக் கழற்றும் திசையில் சுற்றும். வலப்பக்கத்தில் இறுக்கும் திசையில் சுற்றும். நைலாக் இல்லாவிட்டால் இரண்டு நட்டை ஒன்றோடொன்று முறுக்கிப் பூட்டுங்கள்.

பின் குறுக்குப் பலகையை நடுப்பலகையோடு நான்கு எம்10 போல்டால் இணைக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு போல்டைப் போட்டு, ஸ்டியரிங் போல்டிலிருந்து பின் அச்சின் இரண்டு முனைகளுக்கும் அளவுநாடா பிடியுங்கள். இரண்டு அளவும் 2 மி.மீ.க்குள் ஒத்துவந்த பிறகே கிளாம்ப் போட்டு மற்ற மூன்று துளைகளையும் போடுங்கள். 10 மி.மீ. பிசகினாலும் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும், ஓட்டுபவர் எப்போதும் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

ஸ்டியரிங்குக்குக் காலும் கயிறும் போதும். கார் போல வட்ட ஸ்டியரிங் வைக்க ஆசை வரும். ஆனால் பலகை திரும்பத் திரும்பக் கயிற்றின் நீளம் மாறி ஒரு பக்கம் தளரும், அதைச் சரிசெய்வதே தனி வேலை. பலகையின் இரு முனைகளிலும், நடுவிலிருந்து 230 மி.மீ. தொலைவில் கண் போல்ட் மாட்டி, 10 மி.மீ. பின்னல் கயிற்றைக் கட்டுங்கள். வழவழப்பான நீல நைலான் கயிற்றில் முடிச்சு நிற்காது. பாதம் பலகையின் மேலே, சக்கரத்துக்கும் நடுப்பலகைக்கும் இடையில் நிற்க வேண்டும். அது வழுக்கி முன்னால் விழாதபடி முன்விளிம்பில் ஒரு சின்னக் கட்டை அடியுங்கள்.

இருக்கை 18 மி.மீ. பிளைவுட், 400க்கு 400. சாய்மானம் 400க்கு 350. டபிள்யு.பி.பி. வகை வாங்கினால் ஈரத்தில் அடுக்கு பிரியாது. சாய்மானத்தின் இடம் பின் அச்சுக்கு 120 மி.மீ. முன்னால். உங்கள் நால்வரில் உயரமானவரும் குள்ளமானவரும் தரையில் உட்கார்ந்து, முழங்கால் சற்று மடங்கிய நிலையில் பாதம் வரை அளந்து பாருங்கள். 850 முதல் 950 மி.மீ.க்குள் வந்தால் இந்த இடம் சரி. இருக்கையைப் பின் அச்சுக்கு மேலேயோ பின்னாலேயோ தள்ளினால் முன்சக்கரத்தில் எடை இருக்காது. திருப்பினாலும் வண்டி நேராகவே போகும்.

பிரேக் இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். ஒன்றை மட்டும் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமாகச் சுழலும். 790 மி.மீ. நீளமுள்ள 2க்கு 3 கட்டையை, பின் டயர்களுக்கு முன்னால், நடுப்பலகையின் அடியில் இரண்டு கீல்களால் தொங்கவிடுங்கள். கீலுக்கும் போல்டுதான். டயர் தொடும் இடங்களில் பழைய டயர் ரப்பரைத் திருகி வையுங்கள். இருக்கைக்குப் பக்கத்தில், கட்டையோடு இரண்டு எம்8 போல்டால் இணைத்த 450 மி.மீ. கைப்பிடி மேலே நிற்கும். கைப்பிடியை முன்னால் தள்ளினால் கட்டையின் கீழ்ப்பகுதி பின்னால் போய் டயரை அழுத்தும். பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னால்தான் சாயும் என்பதால் தள்ளும் பிரேக் கைக்கு இயல்பாக வரும். கைவிட்டதும் கட்டை விலக, பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை ஸ்பிரிங் போலக் கட்டுங்கள். ஓய்வில் டயருக்கும் ரப்பருக்கும் இடையே 10 மி.மீ. இடைவெளி போதும். டயர் நனைந்தால் இந்தப் பிரேக்கின் பிடி பாதிக்கு மேல் போய்விடும். பிற்பகலில் மழை இறங்கும் மாதங்களில் காலையிலேயே ஓட்டிக் காட்ட ஆசிரியரிடம் கேளுங்கள்.

எவ்வளவு சரிவு? வேகத்தைத் தீர்மானிப்பது சரிவின் நீளமல்ல, இறங்கும் உயரம். உராய்வே இல்லை என்று வைத்தால், அரை மீட்டர் இறக்கத்தில் மணிக்கு 11 கி.மீ., 1 மீட்டரில் 16, 2 மீட்டரில் 22.5. உண்மையில் இதைவிடக் குறையும். பள்ளித் திட்டத்துக்கு 1 மீட்டருக்கு மேல் வேண்டாம். கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயால் உயரத்தை அளக்கலாம். சரிவு முடிந்த பிறகு குறைந்தது 15 மீட்டர் சமதளம் வெறுமையாக இருக்க வேண்டும். ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் பக்கம் வீட்டு வாசலிலேயே சரிவு இருக்கிறதே என்று சாலையில் இறக்கிவிடாதீர்கள். பள்ளி வளாகத்துக்குள், வாயிலை மூடிவிட்டு மட்டும்தான்.

ஓட்டுவதற்கு முன்பு எடைச் சோதனை: பத்து கிலோ அரிசி மூட்டை பத்தை இருக்கையில் அடுக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். நடுப்பலகை தொய்கிறதா, யு போல்டின் அடியில் மரம் நசுங்குகிறதா, அச்சின் முனை மேலே எழும்புகிறதா என்று பாருங்கள். அடுத்து சமதளத்தில் ஆளை உட்காரவைத்து நடைவேகத்தில் தள்ளிப் பிரேக். பிறகு அரை மீட்டர் இறக்கம். அது மூன்று முறை சரியாக வந்தால்தான் 1 மீட்டர். ஹெல்மெட், மூடிய காலணி, கையுறை ஓட்டுபவருக்குக் கட்டாயம். செலிப்பரோடு ஏறக் கூடாது. ட்ரில் பிடிப்பவர் மட்டும் கையுறை போடக் கூடாது. சுழலும் முனையில் துணி சிக்கினால் விரலையும் இழுத்துக்கொள்ளும்.

வரைபடத்தை 1:10 அளவில் போடுங்கள். 1250 மி.மீ. பலகை 125 மி.மீ. ஆகி ஏ4 தாளில் அடங்கும்; பக்கத் தோற்றம், மேல்தோற்றம் இரண்டும் வேண்டும். ஒவ்வோர் இறக்கத்துக்கும் கணக்கிட்ட வேகத்தையும், கைப்பேசியில் காணொளி எடுத்து அளந்த வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வித்தியாசம் ஏன் வந்தது என்று விளக்குங்கள். டயர் அழுத்தத்தை மாற்றி ஒரு முறை ஓட்டினால் அந்த விளக்கத்துக்குச் சான்றே கிடைத்துவிடும்.

வேலை முடிந்ததும் 120 எண் உப்புத்தாளால் விளிம்புகளைத் தேய்த்து இரண்டு பூச்சு வார்னிஷ். மரக்கடையிலிருந்து வரும் பலகையில் பெரும்பாலும் ஈரம் இருக்கும். பட்டறையில் காயக் காய அது சுருங்கும், இறுக்கிய போல்ட் எல்லாம் தளரும். சட்டம் பூட்டி ஒரு வாரம் கழித்து எல்லா நட்டையும் ஸ்பேனர் போட்டு மறுபடி இறுக்குங்கள், ஓட்டிக் காட்டும் நாள் காலையில் இன்னொரு முறை.